தோப்பில் கசடு, அடுப்பில் சருகு

செப்டிக் டேங்க் கசடைப் பதப்படுத்தும் நம் பிளாண்ட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிமுறைகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விதிமுறைகளை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரியாதவர்களையா வேலைக்கு எடுத்திருப்பார்கள்? படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். படித்துவிட்டு வெளியே போய் மண்ணில் நிற்கும்போதுதான் குழப்பம் வரும். அதைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன். நான் நீட்டி முழக்குகிறவள் என்று பழைய ஆட்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கையுறை போடுங்கள், பூட்ஸ் போடுங்கள், தூசி பறந்தால் முகக்கவசம் போடுங்கள், சாப்பிடுவதற்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேயுங்கள். ஆனால் அருவருப்பை மட்டும் முகத்தில் காட்டாதீர்கள். செப்டிக் டேங்க் லாரிக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் மூக்கைச் சுளித்தால் அடுத்த நடை உங்களிடம் வரமாட்டார். கழுவெளிச் சதுப்பு ஏரிப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் திறந்துவிட்டுப் போய்விடுவார். என் நாத்தனார் நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவள் வீட்டு டேங்க் பொங்கி வழிந்தபோது முதல் போன் யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரக்காணம் மண் உங்களுக்குத் தெரியும். கடலோரம் முழுக்க மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், மணலைத் தாண்டினால் உப்பளம். மணலில் எந்தச் சத்தும் தங்காது. அதனால்தான் நாம் காயவைத்துப் பதப்படுத்தும் கசடு என்றால் இங்கே விவசாயிகளுக்கு ஆசை. ‘பிளாண்ட் எரு’ என்று செல்லப் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். மண்ணுக்கு நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போடுகிற இடம் தப்பினால் அதே எரு கிணற்றில் இறங்கும், உப்புப் பாத்திக்குள் ஓடும். ஒரு பாத்தியில் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் போதும், அந்த உப்பை யார் கையால் தொடுவார்கள்? அதனால்தான் கிணற்றருகே கூடாது, ஓடையருகே கூடாது, மழை வரும் நேரத்தில் கூடாது, கீரைக்கும் மண்ணுக்குள் விளையும் மல்லாட்டைக்கும் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது.

நம்மிடம் இரண்டு தரம் உண்டு. நீண்ட நாள் காய்ந்து, சூடேறி மட்கி, சோதனையில் தேறிய முதல் தரத்தைக் கையில் அள்ளலாம். இரண்டாம் தரம் அப்படியில்லை. பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று, நல்ல மண்ணைப் போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே குடற்புழு முட்டைகள் உயிரோடு இருக்கலாம். அதை மரப்பயிருக்கு மட்டும்தான் போடலாம், அதுவும் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். போட்ட பிறகு அந்த இடத்தில் ரொம்ப நாள் யாரும் கால் வைக்கக் கூடாது.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று அந்த வரியில் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் எல்லாரும் கவனிக்காமல் தாண்டிப் போனோம்.

உப்பளத்துக்குப் பின்பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. ஓனர் சென்னையில் இருந்தார். இரண்டாம் தர எரு போட அதைவிடப் பொருத்தமான நிலம் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது. மரப்பயிர். ரோட்டுப் பக்கம் முள்வேலி, பூட்டிய கேட். கிணறு கிடையாது. தோப்பும் மேட்டில் இருந்ததால் உப்பளத்துப் பக்கம் வழியாது. நம் பிளாண்ட் பொறியாளர் போய்ப் பார்த்தார், எரு போடும் வேலையைக் கவனிக்கும் நானும் போய்ப் பார்த்தேன், மேலிடத்திலிருந்தும் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். ஆள் நடமாட்டம் உண்டா என்று ஓனரிடம் கேட்டோம். “யாரும் வர மாட்டாங்க மேடம். நானே வர்றதில்ல” என்றார். ஆடி மாதத்தில் டிராக்டரில் கொண்டுபோய்ப் பரப்பினோம். ரோட்டுக் கேட்டில் சிவப்புப் பெயின்ட்டில் பலகை மாட்டினோம். எல்லாம் விதிப்படி. ஒரு எழுத்து பிசகவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை லேசாகத் தூறியது. பெருமழை வருவதற்கு முன்னால் எரு எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்க்க எங்கள் டிரைவர் அந்தோணியைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே நடந்து பின்பக்கம் போனேன். அங்கே தரை சுத்தமாக இருந்தது. எங்கள் வீட்டு வாசலைக்கூட நான் அவ்வளவு சுத்தமாகப் பெருக்கியதில்லை. மணலில் வரிவரியாகத் துடைப்பத்தின் கோடுகள். சவுக்குச் சருகு ஒன்றுகூட இல்லை. நாங்கள் பரப்பிய எருவும் இல்லை. வெறுங்கால் தடங்கள், சின்னச் சின்னப் பாதங்களும் சேர்த்து, உப்பளத்துப் பக்கமாகப் போயின. அந்தப் பக்கம் வேலியே கிடையாது.

அந்த இடத்திலேயே ஓனருக்குப் போன் போட்டேன்.

“ஆளுங்க யாரும் வர மாட்டாங்கன்னுதான சார் சொன்னீங்க?”

“ஆமா மேடம், ஆளுங்க யாரும் வர மாட்டாங்க. செத்தை வார்ற பொம்பளைங்க வருவாங்க, அவ்ளோதான். அது எங்கப்பா காலத்துலேர்ந்து நடக்குது.”

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பழக்கம் அப்படி. மழை தொடங்கினால் உப்பளம் மூடிவிடும். பொங்கல் கழித்து அடுத்த உப்புக்குப் பாத்தி மிதித்துத் தயார் செய்யும்வரை உப்பளத் தெருக் குடும்பங்களுக்குக் கூலி கிடையாது. அதற்கு முன்னால், தரை காய்ந்திருக்கும்போதே, பெண்கள் தோப்புத் தோப்பாகப் போய்ச் சருகைக் கூட்டிக் கோணியில் அடைத்து மழைக்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். யாரும் தடுப்பதில்லை, சருகு போனால் தோப்பில் தீப்பிடிக்காது என்று ஓனர்களுக்கும் நிம்மதி. சிலிண்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. டீ போடவும், விருந்தாளி வந்தால் அவசரத்துக்கும்தான் அதைத் திருகுவார்கள். சோறு வேகுவது இந்தச் சருகில். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அதனாலேயே யாரும் சொல்லவில்லை. நான் திண்டிவனத்துப் பக்கத்துக்காரி. சவுக்கு என்றால் மரம் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

பொறியாளருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், கத்திப் பேசத் தெரியாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பின்னாடி ஒரு பலகை மாட்டிடுங்க மேடம். வேலியும் போட்டுடலாம். தெருவுல போய் எதுவும் சொல்ல வேணாம்” என்றார்.

“வாரிக்கிட்டுப் போய் வீட்ல அடுக்கி வெச்சிருக்காங்க சார்.”

“புரியுது மேடம். பிளாண்ட் வரக்கூடாதுன்னு இதே தெருதான ரோட்டுல வந்து குந்துச்சு? இப்ப நீங்க போய்ச் சொன்னா நாளைக்கே பூட்டு. பூட்டிட்டா லாரி எல்லாம் எங்க போவும்? மறுபடியும் கழுவெளிக்குத்தான் போவும். அதே ஜனங்கதான் அந்தத் தண்ணில எறங்குவாங்க.”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலையில் உங்களிடம் ‘மறைத்துவிடு’ என்று சொல்ல வருகிறவர் எப்போதும் கெட்டவராக இருக்கமாட்டார். நல்ல காரணத்தோடுதான் வருவார். அப்போதுதான் தலை சுற்றும்.

“பேசாம போயிடலாங்கா. நாம எதையும் பார்க்கல” என்றான் அந்தோணி. வண்டியைக் கிளப்பிவிட்டான்.

“வண்டிய உப்பளத் தெருவுக்கு விடு” என்றேன்.

“அக்கா…”

“விடுன்னா விடு. பார்த்தாச்சு, இனிமே எப்படிப் பார்க்காம இருக்கறது?”

தெருவில் முதல் வீடு தெய்வானையுடையது. உப்பு வாருகிறவள். பிளாண்ட் வேண்டாம் என்று மறியல் நடந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டவளும் அவள்தான். என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

“இன்னா மேடம், வழி தெரியாம வந்துட்டீங்களா? வாங்க, குந்துங்க. எம்பொண்ணு புள்ள பெத்து வந்திருக்கா, பார்த்துட்டுப் போங்க.”

உள்ளே ஒரே அறை. ஒரு சுவர் முழுக்கச் சருகுக் கோணிகள், மழையில் நனையாமலிருக்கக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். அந்தச் சுவரை ஒட்டிப் பாய். பாயில் குழந்தை. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் அதன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோணியின் வாய் பிரிந்து, சருகோடு சேர்ந்து எங்கள் கறுப்பு எருவும் பாயின் ஓரத்தில் கொட்டியிருந்தது. அந்த நிமிஷத்தில் பிளாண்ட்டும் பூட்டும் லாரியும் கழுவெளியும் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பாயும் அந்தக் குழந்தையும்தான் தெரிந்தன.

“தெய்வானை, முதல்ல கொழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய வரச் சொல்லு.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“இந்தச் செத்தை எல்லாம் பின்னாடி தோப்புல வாருனதா?”

“ஆமா. எப்பவும் அங்கதான வார்றோம். ஓனரு எதுனா சொன்னாரா?”

“அங்க ஆடியில நாங்க எரு போட்டிருக்கோம்.”

“கருப்பா கெடந்துச்சே, அதா? சேத்துதான் வாரினோம். அதுவும் நல்லாத்தான் எரியுது.”

சுற்றி வளைத்துப் பேசலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ‘உயிரித் திடப்பொருள்’ என்று நம் அச்சுத்தாளில் அழகான வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டிவிட்டு டீ போடப் போயிருப்பாள்.

“அது மனுஷக் கழிவு தெய்வானை. டேங்க்லேர்ந்து எடுத்துக் காய வெச்சது. முழுசாப் பதமாகல. அதுல பூச்சி முட்டை இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கையில ஒட்டும், நகத்துல ஏறும், சோத்துல கலக்கும்.”

அவள் பாயோரத்தில் கொட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

“பீயா?”

“ஆமா.”

“பீயக் கொட்டிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியா நீங்க?”

மகள் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. வாயில் வந்ததெல்லாம் விழுந்தது, என் பரம்பரை முழுக்க எழுந்து வந்தது. சத்தம் கொஞ்சம் அடங்கிய இடத்தில், கோணிகளைக் கையால் தொடாதீர்கள், லாரியும் கையுறையும் அனுப்புகிறேன் என்றேன். “இத்தினி நாள் தொட்டதுக்கு இன்னிக்கு ஒரு நாள்ல இன்னா ஆயிடும்?” என்று சொல்லிவிட்டுத் தெய்வானை முதல் கோணியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

வீட்டுக்கு வீடு கோணி வெளியே வந்தது. வெயிலில் ரோடு வழியாக வரிசையாக நடந்து பிளாண்ட் கேட்டுக்கு வந்தார்கள். லாரி ஒன்று உள்ளே போக வந்து அப்படியே நின்றுவிட்டது. கோணிகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டுக்குக் குறுக்கே போட்டார்கள். “உங்க சாமான், நீங்களே வெச்சுக்கங்க” என்று தெய்வானை கையைத் தட்டிக்கொண்டாள்.

பொறியாளர் வெளியே வந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். “அம்மா, விதிமுறைப்படி இந்த மாதிரி மரப்பயிர் நிலத்துல…” என்று தொடங்கினார்.

“விதிய விடு சார். ராத்திரிக்கு ஒலை எதுல வெக்கறது? அதச் சொல்லு. நாளைக்கு? மழைக்காலம் முச்சூடும்? பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி எதுல போடறது?”

நானும் யோசிக்காமல் இருந்தது இதைத்தான். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தேன். உண்மையைச் சொல்லி அவள் அடுப்பை அணைத்ததோடு என் வேலை முடிந்துவிட்டதா என்ன?

கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு பெரிய சவுக்குத் தோப்பு இருக்கிறது. கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவருடையது. மகன்கள் வளைகுடாவில், இவர் மட்டும் இங்கே. அடுத்த சுற்று எருவை அங்கேதான் கொட்டுவதாக ஏற்பாடு. எங்கள் உலர்த்தும் தொட்டிகள் எல்லாம் ததும்பிக்கொண்டிருந்தன. மழைக்கு முன்னால் காலி செய்ய எங்களுக்கு இருந்த ஒரே இடம் அது. பொறியாளரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“சார், பாய் தோப்ப இவங்களுக்கு விட்டுடுவோம்.”

“மேடம், தொட்டி எல்லாம் ரொம்பி நிக்குது. அதுவும் போச்சுன்னா எங்க கொண்டுபோய்க் கொட்டறது?”

“கொட்ட வேணாம் சார். கொட்டகைக்குள்ள ஏத்தி மூடி வெப்போம். முழுசாக் காயட்டும். வர்ற லாரியக் கொறச்சுக்குவோம்.”

“ஊரே திட்டும்.”

“திட்டட்டும். இவங்க திட்டறதவிடவா?”

அவர் கேட்டில் கிடந்த கோணிகளையும் பெண்களையும் பார்த்தார். பிறகு அவரே பாய்க்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காலையில் மறைக்கச் சொன்ன அதே மனிதர்.

“செத்தைக்கு எதுக்குங்க பர்மிஷன்?” என்றார் பாய். “வாரிக்கட்டும். அதுல எனக்கு அல்லா குடுத்த பரக்கத் கொறைஞ்சா போயிடும்? ஆனா ஒண்ணு சொல்லிட்றேன் சார். அவங்க வார்ற தோப்புல உங்க எரு ஒரு கூடைகூட விழக்கூடாது. இந்த வருஷம் மட்டும் இல்ல, எப்பவும். எனக்கு எருவே வேணாம்.”

பொழுது சாய்வதற்குள் அந்தோணி வண்டியில் பெண்களைக் கூட்டிப்போய், முதல் நடைச் சருகோடு திரும்பினான். காலையில் ‘போயிடலாங்கா’ என்று சொன்னவன், தானே இறங்கிக் கோணி தூக்கிப் போட்டான்.

பிறகு நடந்தது எல்லாம் நம் வழக்கமான வேலை. வீடுகளைக் கழுவினோம், படுக்கும் பாய்களைக் கொளுத்தினோம், சுகாதார நர்ஸ் வந்து எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார். குழந்தையையும் தாயையும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. டேங்க் நிரம்பியவர்கள் எல்லாம் லாரி வரவில்லை என்று எங்களைத் திட்டித் தீர்த்தார்கள், என் நாத்தனார் உள்பட.

பிளாண்ட்டைப் பூட்டவில்லை. ஏன் பூட்டவில்லை என்று என்னைக் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் உண்மையைச் சொன்னதால்தான் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு கணக்கு கிடையாது. அன்றைக்குப் பூட்டியிருந்தால், பொறியாளர் சொன்ன மாதிரியே எல்லாம் கழுவெளிக்குத்தான் போயிருக்கும், நானும் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தேதான் தெருவுக்குப் போனேன். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அப்போது நல்லபடியாக முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு நிலத்தில் எரு போடுமுன் என்ன பயிர் என்று கேட்பீர்கள், கிணறு எங்கே என்று கேட்பீர்கள். அதோடு நிறுத்தாமல், அந்த மண்ணில் யார் வந்து குனிகிறார்கள் என்றும் கேளுங்கள். ஓனரிடம் கேட்காதீர்கள், பின்பக்கமாக நடந்து போய்ப் பாருங்கள்.

தெய்வானை என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. அடுத்த புரட்டாசியில் தானாகவே கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருஷம் எந்தத் தோப்புல கொட்டினீங்க?” என்று சத்தமாகக் கேட்டாள். சொன்னேன். போய்விட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியிலும் வந்தாள். போன வருஷம் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாயில் கிடந்த குழந்தைதான், இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பாட்டி வாயைத் திறப்பதற்குள் அதுவே கேட்டது: “இந்த வருசம் எந்தத் தோப்பு?”

இந்த வருஷம் அந்தக் கேட்டில் நான் இருக்கமாட்டேன், அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவேன். புரட்டாசி பிறந்ததும் அவர்கள் வருவார்கள், அதே கேள்வியைக் கேட்பார்கள். விசாரித்துச் சொல்கிறேன், அப்புறம் வாங்க என்று மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த நேரத்தில் கேட்டில் நிற்பது உங்களில் யாராக இருந்தாலும், எந்தத் தோப்பு என்று தெரிந்து வைத்திருங்கள்.